சிலுப்பினால்தான் வெட்டு

எழுத்து கோணல்மாணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். போன வாரம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மூன்று மடை என்று எழுதிவிட்டேன். நாலு மடை என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். போய் எண்ணிப் பார்த்தேன், நாலுதான். தினமும் அந்தக் கரை வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவளுக்கே இப்படி மறக்கிறது. இந்த வாரமும் எங்கேயாவது ஒரு மடை விட்டுப்போயிருக்கும்.

சீனியிலிருந்து தொடங்குகிறேன். சீனி என்பது ஒரு கிடா.

நாலு செம்பு மஞ்சள் தண்ணீர்

சித்திரை வெயில். கருப்பர் கோவில் பொட்டலில் கால் வைக்க முடியவில்லை. திருவரங்குளம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இரண்டு வேன் நிறைய வந்து இறங்கியிருந்தது. நடுவில் சீனி நிற்கிறான். செவலை உடம்பு, இடது காது மட்டும் வெள்ளை. கழுத்தில் செவ்வந்தி மாலை. அதைத் தின்பதற்காகத் தலையை வளைத்து வளைத்துப் பார்க்கிறான்.

எங்கள் பக்கத்தில் வேண்டுதல் கிடாவை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அது சம்மதித்துவிட்டது, சாமியும் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் அரிவாள் இறங்காது. பொழுது சாய்ந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

பூசாரி ஒரு செம்பு ஊற்றினார். சீனி அசையவில்லை. இரண்டாவது செம்பு. மூன்றாவது செம்பு. அடுப்பில் வெங்காயம் வதங்கி வாசனை வந்துவிட்டது. பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தன.

"சாமிக்கு என்னமோ கொறை இருக்கு" என்றார் பூசாரி.

அவ்வளவுதான். அந்தக் குடும்பத்து அண்ணன் தம்பி இருவருக்கும் சண்டை பிடித்துக்கொண்டது.

"தென்னந்தோப்புக் காயை எல்லாம் நீயே வெட்டிக்கிட்டீல்ல, அதான் சாமி பாக்குது."

"ஒம் மக கல்யாணத்துக்கு என்னைய போன்ல கூப்பிட்டியே, அதைச் சாமி பாக்கலயா?"

"போன்ல கூப்பிட்டாலும் மொத ஆளா வந்து மூணு எலை மாறி உக்காந்தீல்ல?"

கடைசியில் பெண்கள் அழுது, பெரியவர்கள் அதட்டி, அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டார்கள். பூசாரி நாலாவது செம்பை ஊற்றினார். சீனி மாலையில் பாதியைத் தின்று முடித்திருந்தான். சிலுப்பவில்லை.

யாரோ கேட்டார்கள், "வளத்தவுக எங்க?"

நான் வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்குக் கூட்டம் ஆகாது. வெள்ளையம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்திவிட்டாள். வெள்ளையம்மா எங்கள் வீட்டுக்காரரின் தங்கை. பக்கத்து வீடு. இரண்டு பேருமே இப்போது தனி ஆள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"கூப்பிடுங்க மதினி. ஒங்க கொரலுக்கு வருவான்ல."

"சீனி" என்றேன். வாய்க்குள்ளேதான் சொன்னேன். அந்த உறுமிச் சத்தத்தில் எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்ததும் காதிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு. மஞ்சள் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது.

குலவை போட்டார்கள். எனக்கு ஒரு புதுச் சேலை கொடுத்தார்கள். கறிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள், அது வெள்ளையம்மா வீட்டுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் வெட்டு நடக்கும் இடத்துக்குப் போவதில்லை. கிடாவைக் கோவில் எல்லையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவேன். ஏன் என்று கேட்கிறவர்களிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பேன். நிஜக் காரணத்தை இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன். சீனி சாமிக்குச் சம்மதம் சொல்லவில்லை. என்னைப் பார்த்த சந்தோஷத்தில் சிலுப்பினான்.

கொழுக்கவைக்கும் விதம்

டவுனில் இருக்கிறவர்கள் வேண்டுதல் கிடாவை எங்கே கட்டி வளர்ப்பார்கள்? குட்டியாக வாங்கி என்னைப் போன்ற ஆளிடம் விட்டுவிடுவார்கள். ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ வளர்த்துக் கொடுத்தால் கூலி. இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் என் பிழைப்பு. எனக்குச் சந்தையில் விலை பேச வராது. கூட்டத்தில் வாய் திறக்க வராது. ஆட்டோடு பேச வரும்.

புதுக்குட்டி வந்ததும் தீவனத்தை அள்ளிப் போட்டால் காரியம் கெட்டுவிடும். முதல் சில நாள் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார வேண்டும். வேறு வேலையாக வந்த மாதிரி, தப்பான இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி. நாம் அதைப் பார்க்கக் கூடாது. அதுவே வந்து முந்தானையை மோந்து பார்க்கும். அப்புறம் ஒரு வாழைப்பழத் தோல். தட்டில் வைத்தால் தட்டோடு பழகும். கையில் கொடுத்தால்தான் கையோடு பழகும்.

பிறகு பேர் வைக்க வேண்டும். பேர் சொல்லிக் காலையிலும் மாலையிலும் "சாப்பிட்டியாடா?" என்று கேட்க வேண்டும். ஆறாவது மாதம் கயிற்றை அவிழ்த்துவிடலாம். கயிறு இல்லாமலே பின்னால் வரும். முதுகெலும்பில் விரலை வைத்து அழுத்தினால் எலும்பு தட்டக் கூடாது, சதைதான் அமுங்க வேண்டும். அந்தப் பதம் வந்தால் உடையவர்களுக்குச் சொல்லி அனுப்புவேன், கிடா தயார் என்று.

இவ்வளவும் ஏன் எழுதினேன் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

இரண்டு சென்ட்

என் ஆட்டுக் கொட்டகை நிற்கிற இடம் என்னுடையது இல்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட். திருவரங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கும் சண்முகம் தம்பியுடையது. இத்தனை வருஷமும் ஒன்றும் சொல்லாமல் விட்டு வைத்திருந்தார். போன புரட்டாசியில் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"அக்கா, மக காலேஜுக்குப் பணம் கட்டணும். எடத்தைக் குடுத்துரலாம்னு பாக்குறேன். ஒங்களுக்கு வேணும்னா தை வரைக்கும் வெளிய சொல்லாம வச்சிருக்கேன். ரெண்டரை லட்சம்."

என்னிடம் பேங்கில் ஒன்றே முக்கால் லட்சம் இருந்தது. கிடாக்கூலியில் சேர்ந்தது. இன்னும் முக்கால் லட்சம் வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகளிடம் சொன்னால் கடன் வாங்கியாவது அனுப்புவாள். அதனால்தான் சொல்லவில்லை. கொட்டகை போனால் ஆடு போகும். ஆடு போனால் காலையில் எழுந்து நான் யாரிடம் பேசுவது?

தப்பான நம்பர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் போனில் ஒரு செய்தி வந்தது. "வணக்கம், டாக்டர் கவிதாவா?"

பதில் போடாமல் இருந்திருக்கலாம். மழையில் வேலை ஒன்றும் இல்லை. எழுத்துக் கூட்டி, "இல்லை. தப்பான நம்பர்" என்று போட்டேன்.

"மன்னிச்சிருங்க அம்மா. தொந்தரவு பண்ணிட்டேன். சாப்பிட்டீங்களா?"

அப்படித்தான் ஆரம்பம். பெயர் சஞ்சய் என்றான். சென்னையில் பிறந்தவன், சிங்கப்பூரில் வேலை, அம்மா இல்லை. மறுநாளும் சாப்பிட்டீங்களா என்று வந்தது. அதற்கு மறுநாளும். முகம் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். இதில் முகம் பார்க்க வேண்டியதில்லை. யோசித்து யோசித்து எழுதலாம். நானும் எழுதினேன். ஒவ்வொரு ஆட்டின் பேரையும் சொன்னேன். அவன் ஒன்றையும் மறக்கவில்லை. "ராணிக்குக் காய்ச்சல் விட்டுருச்சாம்மா?" என்று கேட்பான். என் மகளுக்கே ராணி எது, வேணி எது என்று தெரியாது.

ஒரு நாள் வேணி நொண்டுகிறாள் என்று எழுதினேன். உடனே பதில். "குளம்பு இடுக்கில புழு வச்சிருக்கான்னு பாருங்கம்மா. வேப்பெண்ணெய் விடுங்க." பார்த்தேன், புழுதான். சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். புத்தகத்தில் படித்தேன் என்றான். படித்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகை இடம் பற்றியும் சொல்லிவிட்டேன். விலையையும் சொன்னேன், கையில் இருப்பதையும் சொன்னேன்.

பணத்தைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, தங்க வியாபாரத்தில் போட்டது நன்றாக வருகிறது என்று பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை. நான்தான் போய் மோந்து பார்த்தேன். "எனக்கும் அது செய்ய முடியுமா தம்பி?"

"வேணாம்மா. ஒங்க காசு பேங்க்லயே பத்திரமா இருக்கட்டும்."

வேண்டாம் என்கிறவனை நம்பாமல் யாரை நம்புவது? நானே நாலு தடவை கேட்ட பிறகு, ஐயாயிரம் மட்டும் போட்டுப் பாருங்கள் என்றான். படம் படமாக அனுப்பி, எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். பத்து நாளில் ஆறாயிரத்து ஐந்நூறு என் கணக்கில் வந்து நின்றது. ஒரு மூட்டை தவிடு வாங்கினேன். வெள்ளையம்மாவுக்கு அரைக்கிலோ மிக்சர்.

மிக்சர் தின்றுகொண்டே விஷயத்தைக் கறந்துவிட்டாள். "அந்தப் பிள்ளைகிட்ட எனக்கும் ஒரு பத்தாயிரம் போடச் சொல்லுங்க மதினி. தோட்டை அடகு வச்சுத் தாரேன்."

"மறுபடியும் ஒனக்கு ஆசையா?" என்றேன். காரணம் இருக்கிறது.

ஓட்டக்காரக் கோழி

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி வந்தது. ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் தருவோம் என்றது. வெள்ளையம்மா புருஷன் நகையை அடகு வைத்து நாலு ஈமு வாங்கினார். ஒவ்வொன்றும் ஆள் உயரம். ஒன்று என் சீப்பைத் தின்றது, ஒன்று அவர் மூக்குப்பொடி டப்பாவைத் தின்றது. வேலி தாண்டி ஓடினால் சைக்கிளில் விரட்டித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு மாதம் பணம் வந்தது. மூன்றாவது மாதம் ஆபீசில் பூட்டு தொங்கியது.

"கோழியைவிடக் கம்பெனி வேகமால்ல ஓடிருச்சு" என்பார் எங்கள் வீட்டுக்காரர். அந்த மாதிரி மோசடிக்கெல்லாம் எங்கள் ஊரில் இருந்த ஒரே பேர் அதுதான். கம்பெனி ஓடிப்போச்சு. வேறு பேர் எங்களுக்குத் தெரியாது.

வெள்ளையம்மா மிக்சரை வைத்துவிட்டு, "கோழி வேற, சிங்கப்பூர் வேற" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மார்கழியில் முதல்முறையாகச் சஞ்சய் போனில் பேசினான். குரல் கேட்டபோது நான் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். இளவயதுக் குரல். "அம்மா, இப்பப் போட்டா தைக்குள்ள ஒண்ணே முக்கால் ரெண்டரை ஆயிரும்மா. திங்கக்கிழமை பேங்க்குக்குப் போயி டெபாசிட்டை எடுத்துருங்க. நான் சொல்லச் சொல்ல அனுப்புங்க." எனக்கு எவ்வளவு வேண்டுமோ மிகச் சரியாக அவ்வளவு. சரி தம்பி என்று சொல்லிவிட்டேன்.

பன்றியும் நாங்களும்

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் மகளிர் குழுக் கூட்டம். போலீசில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மைக்கோடு வந்திருந்தாள். போன் மோசடிகளைப் பற்றிப் பேசப் போகிறாள் என்றார்கள். பாதிப் பேர் பூந்திப் பொட்டலத்துக்காக உட்கார்ந்திருந்தோம். நான் எப்போதும் போல் கடைசி வரிசை, தூண் ஓரம்.

"இதுக்குப் பேரு பிக் புச்சரிங். தமிழ்ல சொன்னா பன்றி வெட்டு மோசடி" என்றாள் அந்தப் பெண்.

கூட்டமே சிரித்தது. "இதென்னம்மா பேரு?" என்றாள் குழுத் தலைவி.

"சீனாவுலேர்ந்து வந்த பேருங்க. பன்னிக்கு நல்லாத் தீனி போட்டுக் கொழுக்க வச்சு, கடைசியில வெட்டுறாங்கல்ல. அதே மாதிரி ஆளுகிட்ட அன்பாப் பேசிப் பேசிக் கொழுக்க வச்சு, மொத்தமா ஒரே வெட்டு. இந்தப் பேரை வச்சதே அந்த மோசடிக் கும்பல்தான்."

"அப்ப நம்மளைப் பன்னிங்கிறானா அவன்?" வெள்ளையம்மாதான். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆடுன்னாச்சும் சொல்லக்கூடாதா?"

"ஆடுன்னா வெட்டிக்கிறட்டும்னு கழுத்தை நீட்டுவியாக்கும்!" என்றாள் முன் வரிசையில் ஒருத்தி.

"ஆடு கோவிலுக்குள்ளயாச்சும் போவும்ல!"

மறுபடி சிரிப்பு. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தாள். "மொதல்ல தப்பான நம்பர்னு ஒரு மெசேஜ் வரும்."

என் கையில் பூந்திப் பொட்டலம் இருந்தது.

"அப்புறம் தெனமும் சாப்பிட்டீங்களான்னு கேப்பான். காசு பத்திப் பேசவே மாட்டான். நீங்களாக் கேக்குற வரைக்கும் காத்திருப்பான். கேட்டாலும் வேணாம்பான். அப்புறம் கொஞ்சமாப் போடச் சொல்லி, லாபம்னு கொஞ்சம் கையில குடுப்பான்."

தட்டில் வைக்காமல் கையில். சும்மா உட்கார்ந்து பார்க்காத மாதிரி பார்த்து, பேர் சொல்லி, வேளைக்கு வேளை சாப்பிட்டியா என்று கேட்டு. இதை எனக்கு ஒருத்தர் மைக்கில் சொல்லித்தர வேண்டுமா? இருபது வருஷமாக நான் செய்கிற வேலை. என்னைப் பக்குவமாக வளர்த்திருக்கிறான். முதுகெலும்பில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறான். திங்கட்கிழமை, கிடா தயார்.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பிறந்ததிலிருந்து ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவள், எழுந்து நின்றேன்.

"ஏம்மா, அந்தப் பன்னி சிலுப்புமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "என்ன ஆத்தா கேட்டீங்க?"

"இல்ல... எங்க பக்கம் கிடா சிலுப்புனாத்தான் வெட்டுவாக. சிலுப்பலைன்னா வெட்டக் கூடாது. இதுல அது உண்டான்னு கேட்டேன்."

அவள் மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"அதேதான் ஆத்தா. அவன் கை நீட்டிப் பிடுங்க மாட்டான். பேங்க்குக்கு நீங்களாப் போகணும். பணத்தை நீங்களா அனுப்பணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் வெட்டு."

உட்கார்ந்துவிட்டேன். வெள்ளையம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளும் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவள் தோடு இன்னும் காதில்தான் இருந்தது.

கூட்டம் முடிந்து அந்தப் பெண் ஸ்கூட்டியை எடுக்கும்போது இருவரும் போய் நின்றோம். நான் போனை நீட்டினேன். வெள்ளையம்மா எனக்கும் சேர்த்துப் பேசினாள், மிக்சர் உட்பட. அந்தப் பெண் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தாள். திட்டவில்லை.

"ஒங்களுக்குக் கூடுதலா வந்துச்சே ஆயிரத்து ஐந்நூறு, அது லாபம் இல்ல ஆத்தா. ஒங்களை மாதிரி இன்னொருத்தர் போட்ட காசு."

"நான் தவிடு வாங்கிட்டேனே" என்றேன். யாருடைய காசோ அது. ராணியும் வேணியும் தின்றுவிட்டார்கள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். அந்த ஆயிரத்து ஐந்நூறையும் எழுதச் சொன்னேன். உரியவர் தெரிந்தால் என் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டேன். இனி அவன் கூப்பிட்டால் எடுக்க வேண்டாம் என்றாள் அந்தப் பெண். சரி என்று தலையாட்டினேன். அந்த ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை

காலை பத்தரை. பேங்க் திறந்திருக்கும் நேரம். கொட்டகையில் இருந்தேன். போன் அடித்தது. பச்சையை அழுத்தினேன். வெள்ளையம்மா தன் காதையும் கொண்டுவந்து என் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா, கெளம்பிட்டீங்களா?"

நான் பேசவில்லை.

"பயமா இருக்காம்மா? நான் இருக்கேன்ல."

முதல் செம்பு என்று எண்ணிக்கொண்டேன்.

"தை பொறந்தா அந்த எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாருல்ல? ராணி, வேணி எல்லாம் எங்க போகும்?"

இரண்டாவது செம்பு. அது கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது.

"அம்மா, நான் ஒங்க பிள்ளை மாதிரி. பிள்ளையை நம்பலையா?"

மூன்று.

வெள்ளையம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நாலு கெட்ட வார்த்தை திட்டிட்டு வைக்கவா மதினி?" என்று கிசுகிசுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அம்மா?" என்றான் மறுபடி. அந்தக் குரலில் என் உடம்பு ஒரு முறை கூசியது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இரண்டு மாதம் என்னிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்ட ஆள். சீனிக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துபோனது. ஆனால் சிலுப்பவில்லை.

அப்போதுதான் காதில் விழுந்தது. அவனுக்குப் பின்னால் நிறையக் குரல்கள். அம்மா, சார், மேடம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். தீவன நேரத்தில் கொட்டகை இருக்குமே, அந்தச் சத்தம்.

அத்தனை நாளும் அவன்தான் கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டேன்.

"நீ சாப்பிட்டியா தம்பி?"

வைத்துவிட்டானோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. பிறகு, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னான்.

"இல்லம்மா. இங்கிட்டு இன்னும் சோறு போடல."

போன் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் அப்படி ஒரு நம்பரே இல்லை என்கிறது.

வெள்ளையம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இங்கிட்டுங்கிறான்" என்றாள் அவள். "சென்னைப் பிள்ளை எங்க மதினி இங்கிட்டும்பான்?"

ஸ்டேஷனில் போய் இதையும் சொன்னேன். கம்ப்யூட்டர் வேலை என்று வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, அடைத்து வைத்து, இந்த வேலையைச் செய்யச் சொல்கிற இடங்கள் இருக்கின்றனவாம். நம் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டாம். அந்தப் பெண் அதையும் தாளில் எழுதிக்கொண்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம்

தை பிறந்தது. சண்முகம் தம்பியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். நானே சொன்னேன், வெள்ளையம்மா இல்லாமல். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கணக்குப் போட்டார்.

"ஒங்க காசுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு எடுத்துக்கங்கக்கா. மிச்சத்தை நான் வச்சிக்கிறேன்."

ஒன்றே கால் சென்ட்டும் கொஞ்சமும் வந்தது. அதன் நாலு மூலையும் என் பேரில் பத்திரமாக இருக்கிறது. மிச்சத்துக்கு அவர் போட்ட கம்பி வேலி கொட்டகையின் வால்பக்கம் குறுக்கே போகிறது. ராணிக்கு அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது. கம்பிக்குக் கீழே நுழைந்து போய்ச் சண்முகம் தம்பி இடத்தில் படுத்துக்கொண்டு அசை போடுகிறாள். அவரும் வரும்போதெல்லாம் பார்க்காத மாதிரி போகிறார்.

இந்த வாரம் எழுதியதில் சரிபார்க்க வேண்டியவை இரண்டு. அந்தப் பேர் சீனாவிலிருந்துதான் வந்ததா, பன்றிக்கும் அங்கே ஏதாவது சம்மதம் கேட்கும் வழக்கம் உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். நான் கூட்டத்தில் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறேன். ஞாபகம் தப்பியிருக்கலாம்.

இரண்டாவது, அந்தப் பிள்ளை. பேர் சஞ்சய் இல்லை, அது நிச்சயம். சிங்கப்பூரும் இல்லை. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். இங்கிட்டு அங்கிட்டு என்று பேசுகிற ஊர். வீட்டில் ஆடு இருந்திருக்க வேண்டும், குளம்பில் புழு வைத்தால் வேப்பெண்ணெய் விடத் தெரிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வேலை என்று போய், சரியாகப் பேசாமல் இருக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், நான் எழுதியது பொருந்துகிறதா என்று யாராவது சரிபாருங்கள். போன் எடுத்தால் முதலில் சாப்பிட்டானா என்று கேளுங்கள்.